காப்பீட்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் காயமடைந்த தொழிலாளி சேர முடியுமா? கலிஃபோர்னியாச் சட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் வேலை செய்யும்போது காயமடைந்த ஒருவருக்குப் பணம் வரக்கூடிய வழிகள் இரண்டு உண்டு. யார் மீது தவறு என்று கேளாமல் முதலாளியின் காப்பீட்டு நிறுவனம் கொடுப்பது ஒன்று. அங்குள்ள தமிழர்கள் பேச்சில் அது ‘வொர்க்கர்ஸ் காம்ப்’. காயத்துக்குக் காரணமான வெளியார் மீது உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறுவது மற்றொன்று. இந்தப் பக்கத்தில் முதலாவதை ஈட்டுத்தொகை என்றும் இரண்டாவதை இழப்பீடு என்றும் குறிப்பிடுகிறோம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பலர் தங்கள் உரிமையை இழக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வேறு மாநிலம் என்று குறிப்பிடாத இடங்களில் கீழே சொல்லப்படுவதெல்லாம் கலிஃபோர்னியாவின் நிலை.

காயம்பட்டது நான். காப்பீட்டு நிறுவனம் எந்த உரிமையில் வழக்குத் தொடுக்கிறது?

கலிஃபோர்னியாத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 3852ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஈட்டுத்தொகை கேட்டதாலோ வாங்கியதாலோ வெளியார் மீது வழக்காடும் தொழிலாளியின் உரிமை குறையாது என்று அந்தப் பிரிவு முதலில் சொல்கிறது. அடுத்த வாக்கியத்தில், ஈட்டுத்தொகை கொடுத்த அல்லது கொடுக்கக் கடமைப்பட்ட முதலாளியும் அதே வெளியார் மீது வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. 3850ஆம் பிரிவின் விளக்கப்படி ‘முதலாளி’ என்ற சொல்லில் காப்பீட்டு நிறுவனமும் அடங்கும். ஆகவே உங்கள் மருத்துவச் செலவுக்கும் சம்பள இழப்புக்கும் பணம் கொடுத்த நிறுவனம், முதலாளியின் இடத்தில் நின்று, தான் கொடுத்ததைத் திரும்பப் பெற வழக்காட முடியும். வழக்கறிஞர்கள் இதைச் சப்ரோகேஷன் என்பார்கள். ஒருவருக்காகப் பணம் கொடுத்தவர், அந்தப் பணத்தை உண்மையில் தர வேண்டியவரிடம் சென்று கேட்கும் உரிமை என்று அதைப் புரிந்துகொண்டால் போதும்.

அவர்களே வழக்கு நடத்துகிறார்களே, எனக்கும் சேர்த்துத்தானே கேட்பார்கள்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு நீங்கள் கட்சிக்காரர் அல்ல. நீங்கள் அவருடைய முக்கியமான சாட்சி. அவர் மீட்க முயல்வது தம் நிறுவனம் கொடுத்த, இனிக் கொடுக்கப்போகும் ஈட்டுத்தொகையை.

ஈட்டுத்தொகை உங்கள் இழப்பு முழுவதற்கும் ஈடாவதில்லை. தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அது சராசரி வாரச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவில்தான் வரும். அதற்கு உச்ச வரம்பும் உண்டு, பெரும்பாலான காயங்களுக்கு 104 வாரங்கள் என்ற எல்லையும் உண்டு. வலிக்கும் மன வேதனைக்கும், கையை முன்போல் உயர்த்தவோ குழந்தையைத் தூக்கவோ முடியாமல் போனதற்கும் ஈட்டுத்தொகையில் ஒரு காசும் கிடையாது. அவற்றை வெளியார் மீதான வழக்கில்தான் கேட்க முடியும், கேட்க வேண்டியவரும் நீங்கள்தான். காப்பீட்டு நிறுவனம் 80,000 டாலர் கொடுத்துவிட்டு 80,000 டாலரைத் திரும்பப் பெற்றுவிட்டால் அதன் கணக்கு நேராகிவிடும். உங்கள் கணக்கை அந்த வழக்கில் எவரும் திறந்திருக்கவே மாட்டார்கள்.

சேரும் உரிமை எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? எதுவரை சேரலாம்?

அதே தொகுப்பின் 3853ஆம் பிரிவில். தொழிலாளியோ முதலாளியோ ஒருவர் வழக்குத் தொடுத்தால், உண்மைகள் மீதான விசாரணை தொடங்கும் முன் எந்த நேரத்திலும் மற்றவர் வாதியாகச் சேரலாம் என்றும், இருவரும் தனித்தனியே வழக்குத் தொடுத்திருந்தால் அவ்விரண்டும் ஒன்றாக இணைக்கப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்களைச் சேர விடுவதும் விடாததும் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இல்லை. சட்டமே நேரடியாகத் தந்த உரிமை இது.

எனினும் ‘விசாரணைக்கு முன் எப்போது வேண்டுமானாலும்’ என்ற சொற்றொடரை நம்பிக் காலம் கடத்துவது அறிவுடைமை ஆகாது. முதலில் குறிக்கப்பட்ட விசாரணைத் தேதிக்கு 30 நாள் முன்னதாகவே இரு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஆவணங்களையும் வாக்குமூலங்களையும் கேட்டுப் பெறும் கட்டம் பொதுவாக முடிந்துவிடும். நிபுணர் சாட்சிகளின் பெயர்களைக் கொடுக்க வேண்டிய நாள் அதற்கும் முன்பே வந்து போயிருக்கும். அந்த நேரத்தில் சேருபவர், காப்பீட்டு நிறுவனம் தன் தேவைக்காகத் தேர்ந்த மருத்துவச் சாட்சியத்தை வைத்துக்கொண்டே தம் வலியையும் வேதனையையும் மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு ஆளாவார்.

வழக்குத் தொடுத்ததை எனக்கு அவர்கள் தெரிவித்தாக வேண்டுமா?

ஆம். வழக்குத் தொடுத்தவர் தாமதமின்றி வழக்குரையின் நகலை மற்றவருக்கு நேரில் அல்லது சான்றஞ்சல் மூலம் சேர்ப்பிக்க வேண்டும்; சேர்ப்பித்ததற்கான சான்றையும் அந்த வழக்கிலேயே தாக்கல் செய்ய வேண்டும். இதையும் 3853ஆம் பிரிவே சொல்கிறது. இந்தக் கடமை இருபுறமும் செல்லும்: நீங்கள் முதலில் வழக்குத் தொடுத்தால் முதலாளிக்கு நீங்கள் அறிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும் தடித்த உறைகளை ‘வழக்கமான காம்ப் காகிதம்’ என்று பிரிக்காமல் ஒதுக்கி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி ஓர் உறைக்குள் இந்த நகல் கிடக்கக்கூடும்.

விபத்து நடந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. என் வழக்கு காலாவதியாகிவிட்டதா?

உடல் காயத்துக்கான உரிமையியல் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் பொது விதி. காப்பீட்டு நிறுவனமும் உங்கள் காயத்தை அடிப்படையாகக் கொண்டே வழக்காடுவதால் அதற்கும் அதே கெடுதான். நீங்களாக ஒரு புதிய வழக்கைக் கெடு கடந்தபின் தொடுத்தால் அது தள்ளுபடியாகவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் காப்பீட்டு நிறுவனமோ முதலாளியோ கெடுவுக்குள் தொடுத்த வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால், நிலைமை அடியோடு வேறு. ஹாரிசன் எதிர் எங்கல்பிரிக் என்ற 1967ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, முதலாளி தரப்பு உரிய காலத்தில் தொடுத்த வழக்கில், தன் கெடு முடிந்துபோன தொழிலாளி சேர்வதை ஏற்றுக்கொண்டது. அதன் உள்ளே இருக்கும் தர்க்கம் எளியது. காயம் ஒன்று, அதை விளைவித்தவர் ஒருவர், அவருக்கு உரிய காலத்தில் வழக்கின் செய்தி சென்றுவிட்டது. புதிதாகச் சேருபவர் வேறொரு நிகழ்ச்சியைக் கொண்டுவரவில்லை. கெடு தாண்டித் தனி வழக்குத் தொடுப்பது அவ்வாறு காக்கப்படாது என்பதைக் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1977இல் சான் டியேகோ மாவட்ட நிர்வாகத்தின் வழக்கில் தெளிவாக்கியது. அங்கே காலம் தாழ்த்தித் தனியே வழக்குத் தொடுத்தவர் முதலாளியான மாவட்ட நிர்வாகம். ஆகவே கெடுவைத் தவறவிட்ட ஒருவர் முதலில் தேட வேண்டியது நிலுவையில் உள்ள வழக்கு ஒன்று இருக்கிறதா என்பதை. இருந்தால், அது முடித்துவைக்கப்படுவதற்கு முன் உள்ளே போக வேண்டும்.

காரணமானவர் அரசுத் துறையோ நகராட்சியோ ஆனால் இன்னொரு கெடு குறுக்கே நிற்கும். காயத்துக்கு ஆறு மாதங்களுக்குள் அந்த அமைப்பிடம் எழுத்து மூலம் கோரிக்கை வைத்திருக்க வேண்டும். நகரப் பேருந்து மோதி விழுந்த விநியோகப் பணியாளர்கள் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

மூன்றாம் தரப்பு என்றால் யார்? என் மேலாளர் மீதே வழக்குத் தொடுக்கலாமா?

பொதுவாக முடியாது. ஈட்டுத்தொகை தரும் முதலாளி மீது இழப்பீட்டு வழக்குக் கிடையாது. பணிக்குள் செயல்பட்ட சக ஊழியர் மீதும் கிடையாது. வேண்டுமென்றே தாக்கியது போன்ற சில குறுகிய விதிவிலக்குகள் உண்டு. தவறு யாருடையது என்று கேளாமல் பணம் தருவதற்கு ஈடாக முதலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு அது.

மூன்றாம் தரப்பு என்பது இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்: உங்கள் வண்டியின் மீது மோதிய வேறொரு ஓட்டுநர், பாதுகாப்பு மூடி இல்லாத இயந்திரத்தைச் செய்து விற்ற நிறுவனம், கட்டுமானத் தளத்தில் மற்றொரு உள் ஒப்பந்தக்காரர், படிக்கட்டைப் பழுது பார்க்காத கட்டட உரிமையாளர்.

கன்சல்டிங் நிறுவனங்கள் வழியாக வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. சம்பளம் தருவது ஒரு நிறுவனம், தினமும் போய் உட்காருவது க்ளையன்ட்டின் அலுவலகத்தில். க்ளையன்ட்டின் அலுவலகத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் க்ளையன்ட் மூன்றாம் தரப்பா? அன்றாட வேலையை யார் கட்டுப்படுத்தினார், யார் மேற்பார்வை செய்தார், யாரால் உங்களை வேலையிலிருந்து நீக்க முடிந்தது என்பவற்றைப் பார்த்து, க்ளையன்ட்டும் ஒரு முதலாளிதான் என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். அப்படி முடிவானால் அதன் மீது இழப்பீட்டு வழக்கு நிற்காது. ஆனால் அதே கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் மூன்றாம் தரப்பாகவே இருப்பார்.

சேர்வதற்கு என்ன செய்ய வேண்டும்?

நிலுவையில் உள்ள வழக்கில் வாதியாகச் சேர்க்கக் கோரும் மனுவையும், அதனுடன் உங்கள் சொந்தக் கோரிக்கைகளைச் சொல்லும் வழக்குரையையும் அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, எல்லாத் தரப்பினருக்கும் நகல் சேர்ப்பிக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணமும் உண்டு. வழக்கறிஞர் இல்லாமலும் இதைச் செய்யச் சட்டம் தடை சொல்லவில்லை என்றாலும், அடுத்தடுத்து வரும் கேள்விகளைப் படித்தபின் அதை எவரும் விரும்புவார்கள் என்று தோன்றவில்லை. இத்தகைய வழக்கறிஞர்கள் பெரும்பாலும் முன்பணம் வாங்காமல், கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். ஈட்டுத்தொகைக்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு வழக்கறிஞர் இருந்தால், அவர் உரிமையியல் நீதிமன்றத்திலும் உங்களுக்காகத் தோன்றுகிறாரா என்று நேராகக் கேளுங்கள். பலர் தோன்றுவதில்லை, அவர்கள் வேலை ஈட்டுத்தொகை மேல்முறையீட்டு வாரியத்தோடு முடிந்துவிடும்.

காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞரே எனக்கும் வாதாட முடியாதா?

இருவரும் ஒத்துக்கொண்டு ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்வதைச் சட்டம் முன்னெண்ணியே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மூன்றாம் தரப்பைத் தோற்கடிக்கும்வரை உங்கள் நலனும் நிறுவனத்தின் நலனும் ஒரே திசையில் போகும். பணத்தைப் பங்கிடும் நாளில் அவை எதிரெதிராகத் திரும்பும். முதலாளி மீதும் தவறு உண்டா என்ற கேள்வி எழுந்தால் அதற்கு முன்பே திரும்பிவிடும்.

சேர்ந்தபின் நான் எவற்றையெல்லாம் கேட்கலாம்?

வலி, மன வேதனை, வாழ்க்கையின் இன்பங்களை இழந்தது, இனி ஈட்டக்கூடிய வருமானம் குறைந்தது, இனி வரும் மருத்துவச் செலவு முதலிய அனைத்தையும். ஒரு கட்டுப்பாட்டை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தொழிலாளி சேர்ந்த வழக்கில், முதலாளி தரப்பு கொடுத்த ஊனத்துக்கான ஈட்டுத்தொகையைப் பற்றிய சான்றைக் காட்டலாம், அல்லது தொழிலாளி தம் சம்பாதிக்கும் திறன் குறைந்ததற்கான சான்றைக் காட்டலாம். இரண்டையும் காட்ட முடியாது என்று 3855ஆம் பிரிவு விதிக்கிறது. ஒரே சம்பள இழப்பை மூன்றாம் தரப்பு இருமுறை கட்டக்கூடாது என்பதே நோக்கம். உங்கள் வழக்கறிஞரும் நிறுவனத்தின் வழக்கறிஞரும் எதைக் காட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. இளவயதினராகவோ நல்ல சம்பளம் வாங்கியவராகவோ இருந்தால் திறன் இழப்பின் தொகை பெரும்பாலும் மிகப் பெரியதாக இருக்கும்.

வலி, வேதனை போன்றவற்றுக்கான தொகையில், ஒவ்வொரு பிரதிவாதியும் தம் தவறின் விழுக்காட்டுக்கு மட்டுமே பொறுப்பு என்பது 1986இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 51ஆம் முன்மொழிவின் விளைவு. திராட்சை அறுவடை இயந்திரத்தில் கை சிக்கிய 15 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கில், வழக்குத் தொடுக்கவே முடியாத முதலாளியின் பங்கையும் அந்த விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்த்தது. முதலாளியின் தவறுக்கு உரிய வேதனைத் தொகை, அதன்படி, யாரிடமும் கிடைக்காமல் போகும். சட்டம் சில இடங்களில் கசப்பானது.

கிடைத்த பணம் எப்படிப் பங்கிடப்படும்?

வரிசையைச் சட்டமே வகுத்திருக்கிறது. முதலில் வழக்குச் செலவும் நியாயமான வழக்கறிஞர் கட்டணமும், பிறகு காப்பீட்டு நிறுவனம் கொடுத்த ஈட்டுத்தொகை, எஞ்சியது தொழிலாளிக்கு. நீங்களும் நிறுவனமும் தனித்தனி வழக்கறிஞர்களை வைத்திருந்தால், ஒவ்வொருவரின் கட்டணமும் தம் கட்சிக்காரருக்காக அவர் ஈட்டித் தந்த பலனை வைத்துக் கணக்கிடப்படும்.

எளிமைக்காக, இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் என்றும், நீதிமன்றம் 4,00,000 டாலர் வழங்கியது என்றும், நிறுவனம் ஏற்கெனவே 90,000 டாலர் ஈட்டுத்தொகை கொடுத்திருந்தது என்றும், முதலாளி மீது தவறு ஏதுமில்லை என்றும் கற்பனை செய்துகொள்ளுங்கள். செலவு 20,000, கட்டணம் 1,20,000 என்றால் மிஞ்சுவது 2,60,000. அதில் 90,000 நிறுவனத்துக்கு, 1,70,000 உங்களுக்கு.

இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கைக்கு வந்த அந்த 1,70,000 டாலர் அளவுக்கு, இனி உங்களுக்குத் தர வேண்டிய ஈட்டுத்தொகையிலிருந்து நிறுவனம் விடுபடும். அடுத்த ஆண்டு முதுகில் இன்னொரு அறுவை சிகிச்சை வந்தால், அந்தத் தொகை தீரும்வரை செலவு உங்களுடையது. பணத்தை வாங்கி வீட்டுக் கடனை அடைத்தபின் இதை முதன்முறையாகக் கேள்விப்படுபவரின் முகத்தைப் பார்ப்பது எளிதல்ல.

விபத்தில் என் முதலாளியின் தவறும் இருந்தால்?

அப்போது கணக்கு உங்கள் பக்கம் சாயும். தன் கவனக்குறைவும் காரணமாக இருந்த முதலாளி, முழு ஈட்டுத்தொகையையும் மூன்றாம் தரப்பின் தலையில் கட்டித் தப்பிவிட முடியாது என்ற கொள்கையைக் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1961இல் விட் எதிர் ஜாக்சன் தீர்ப்பில் நிறுவியது. தொழிலாளியின் மொத்த இழப்பில் முதலாளியின் தவறுக்கு உரிய பங்கு எவ்வளவோ, அந்த அளவைத் தாண்டி ஈட்டுத்தொகை கொடுத்திருந்தால் மட்டுமே தாண்டிய பகுதியை அது கேட்கலாம். எதிர்காலத் தொகையிலிருந்து விடுபடும் சலுகைக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்று 1978இல் அதே நீதிமன்றம் சொன்னது.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் முதலாளிக்கு 25 விழுக்காடு தவறு என்று கொள்வோம். 4,00,000இல் அது 1,00,000. கொடுத்ததோ 90,000. ஆகவே நிறுவனத்துக்குத் திரும்ப ஒன்றும் கிடைக்காது. மொத்த ஈட்டுத்தொகை 1,00,000ஐத் தாண்டும்வரை எதிர்கால விலக்கும் கிடைக்காது. ஒரே இழப்புக்கு இரட்டைப் பணம் சேராதிருக்க, ஏற்கெனவே வந்த 90,000 தீர்ப்புத் தொகையிலிருந்து கழிக்கப்படும். அந்தப் பலன் பிரதிவாதிக்குப் போகும். இதனால்தான் முதலாளியின் தவறைப் பற்றிய வாதத்தை வழக்கமாகப் பிரதிவாதி எழுப்புவார். அதை மறுக்கும் வேலை காப்பீட்டு நிறுவனத்துக்கு. எதிர்கால மருத்துவம் பெரிதாக இருக்கும் தொழிலாளிக்கு அந்த வாதம் வெல்வதே சில வேளைகளில் நல்லது. ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் பொருந்த மாட்டார் என்று முன்பு சொன்னதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

என்னைக் கேட்காமல் அவர்கள் சமரசம் செய்து வழக்கை முடித்துவிடலாமா?

முதலாளி, தொழிலாளி இருவரின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் செய்யப்படும் சமரசமோ விடுவிப்போ செல்லாது என்று 3859ஆம் பிரிவின் முதல் பகுதி சொல்கிறது. சமரசம் நடக்கப்போவதை மற்றவருக்கு அறிவித்து, அவர் தம் பங்கைப் பெற வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. அதே 3859இன் இரண்டாம் பகுதி தொழிலாளிக்கு ஒரு தனிச் சலுகை தருகிறது: நிறுவனத்தின் இசைவு இல்லாமலே, தம் சொந்தக் கோரிக்கையை மட்டும் மூன்றாம் தரப்புடன் பேசி முடித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தாலும் நிறுவனத்தின் கோரிக்கை அழியாது. அது தன் வழியே வழக்கைத் தொடரும்.

தாள் மீதுள்ள பாதுகாப்பு இது. ஒரு முறை வழக்குத் தள்ளுபடியாகிப் பதிவேடு மூடப்பட்டபின், ‘எனக்கு அறிவிப்பு வரவில்லை’ என்று சொல்லி அதை மீண்டும் திறக்க வைப்பது பெரும் பாடு. ஏற்கெனவே வாதியாக உள்ளே இருப்பவருக்கு அந்தப் பாடு இல்லை. ஈட்டுத்தொகை வழக்கை ஒரே தொகையாக முடித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதும் கவனம் தேவை. அதில் மூன்றாம் தரப்பு வழக்கைப் பற்றியும் நிறுவனத்தின் பற்றுரிமை (கொடுத்த ஈட்டுத்தொகையை உங்களுக்குக் கிடைக்கும் தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை), எதிர்கால விலக்கு ஆகியவற்றைப் பற்றியும் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள்.

சேர்ந்தால் வெற்றி நிச்சயமா?

அப்படி எவரும் சொல்ல முடியாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கே சான்று. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் யூஎஸ் ஏர்வேஸ் நிறுவனம் பயன்படுத்திய, பயணிகளின் பெட்டிகளை நகர்த்தும் பட்டையைப் பராமரிக்க ஓர் ஒப்பந்த நிறுவனம் அமர்த்தப்பட்டிருந்தது. அதன் ஊழியர் ஒருவர் பட்டையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவருடைய கை நகரும் பாகங்களில் சிக்கிக்கொண்டது. விதிகள் கேட்கும் பாதுகாப்பு மூடிகள் அங்கு இல்லை என்பது வாதிகள் தரப்பின் குற்றச்சாட்டு. ஈட்டுத்தொகை கொடுத்த சீபிரைட் காப்பீட்டு நிறுவனம் யூஎஸ் ஏர்வேஸ் மீது வழக்குத் தொடுத்தது. காயமடைந்த ஊழியரும் அந்த வழக்கில் வாதியாகச் சேர்ந்தார். நமது பக்கம் விவரிக்கும் நிலைமை அப்படியே அது.

விசாரணை நீதிமன்றத்தில் தோல்வி, மேல்முறையீட்டில் வெற்றி. 2011இல் மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் யூஎஸ் ஏர்வேஸ் பக்கம் தீர்த்தது. தனி ஒப்பந்தக்காரரை அமர்த்துபவர், அவருடைய ஊழியர்களுக்குப் பாதுகாப்பான பணியிடம் தரும் கடமையையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டதாகக் கருதப்படுவார் என்பது தீர்ப்பின் சாரம். 1993இன் பிரிவெட் தீர்ப்பிலிருந்து வளர்ந்து வரும் கொள்கை இது. அமர்த்தியவர் தம் கட்டுப்பாட்டைத் தக்கவைத்து அதன் மூலம் காயத்துக்கு உண்மையாகவே காரணமானார் என்றோ, மறைந்திருந்த ஆபத்தை அறிந்தும் சொல்லவில்லை என்றோ காட்ட முடிந்தால்தான் விதிவிலக்கு உண்டு. ஒப்பந்த வேலையாட்கள் தம் வழக்கு எந்தப் பெட்டிக்குள் விழும் என்பதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தொழிலாளி இறந்துவிட்டால் குடும்பத்தினர் சேரலாமா? மனைவியோ கணவரோ தனியாகக் கேட்க முடியுமா?

இறப்பினால் கோரிக்கை உரிமை பெறுபவர்களும் ‘தொழிலாளி’ என்ற சொல்லில் அடங்குவர் என்று 3850ஆம் பிரிவு சொல்வதால், அவர்களும் சேரலாம். உயிரோடு இருக்கும் தொழிலாளியின் துணைவர், இல்லறத்தில் முன்போல் அவருடைய அன்பும் துணையும் கிடைக்காமல் போனதற்காக மூன்றாம் தரப்பிடம் கேட்கும் இழப்பீடு அவருடைய சொந்த உரிமை. 1974 முதல் கலிஃபோர்னியா அதை ஏற்கிறது. அந்தக் கோரிக்கைக்கான இரண்டு ஆண்டுக் கெடுவை அவரே காத்துக்கொள்ளட்டும். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கு அதைக் காக்கும் என்று எண்ண வேண்டாம்.

என் விசா முடிந்துவிட்டது. நீதிமன்றத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் ஈட்டுத்தொகை பெறும் உரிமை குடியேற்ற நிலையைச் சார்ந்தது அல்ல. காயத்துக்கான உரிமையியல் வழக்கில் ஒருவரின் குடியேற்ற நிலையைச் சான்றாகக் கொண்டுவருவதை மாநிலச் சாட்சியச் சட்டத் தொகுப்பின் 351.2ஆம் பிரிவு தடுக்கிறது. குடியேற்றச் சட்டத்தில் உங்கள் நிலை வேறு விஷயம். அதற்கு அந்தத் துறையின் வழக்கறிஞரைத் தனியே பாருங்கள்.

பிற மாநிலங்களிலும் இந்தியாவிலும் இப்படித்தானா?

இல்லை. பென்சில்வேனியாவில் காயமடைந்த தொழிலாளி வழக்கில் சேராமலும் தம் உரிமையை எழுதிக் கொடுக்காமலும் இருந்தால், காப்பீட்டு நிறுவனம் தானாக மூன்றாம் தரப்பு மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்த்தது. அங்கே சேர்வதற்குத் தொழிலாளி அலைய வேண்டியதில்லை. நிறுவனம்தான் அவரைத் தேடி வர வேண்டும். நியூயார்க்கில் நேர் எதிர்: தொழிலாளி குறித்த காலத்துக்குள் வழக்குத் தொடுக்காமல், 30 நாள் எழுத்து அறிவிப்புக்குப் பின்னும் பேசாமல் இருந்தால், வழக்காடும் உரிமையே காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறிவிடும்.

2025இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, இந்தியாவின் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் வேறு பாதையில் சென்றது. பணம் கொடுத்தவர் காரணமான வெளியாரிடம் அதை ஈடு கேட்கலாம் என்று அதன் 13ஆம் பிரிவு சொன்னது. ஆனால் ஆணையரிடம் கோரிக்கை வைத்த ஊழியர் அதே காயத்துக்கு நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு நடத்த முடியாது என்றது 3ஆம் பிரிவு. சாலை விபத்தானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவுப்படி இரண்டு சட்டங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ‘ஒன்றை வாங்கினால் மற்றது போச்சு’ என்று ஊரில் கேட்டுப் பழகிய நினைப்போடு கலிஃபோர்னியாவில் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அங்கே அந்த நினைப்பு தவறு.

சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டேன். இங்கிருந்தே சேர முடியுமா?

முடியும். வழக்கறிஞர் உங்களுக்காகத் தாக்கல் செய்யலாம். வாக்குமூலங்களைக் காணொளி வழியாக எடுக்கவும் வழியுண்டு. விசாரணை நாளில் நேரில் வர வேண்டியிருக்கலாம், விசாவுக்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள். இதில் பெரிய ஆபத்து அஞ்சலில் இருக்கிறது. வழக்குரையின் நகல் சான்றஞ்சலாக நீங்கள் காலி செய்த பழைய அபார்ட்மெண்டுக்குப் போய், ஆளில்லை என்று திரும்பியிருக்கும். விமானம் ஏறும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்னாள் முதலாளிக்கும் ஈட்டுத்தொகை வழக்கறிஞருக்கும் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்து, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், விபத்து நடந்த மாவட்டத்தின் ‘சுப்பீரியர் கோர்ட்’ எனப்படும் விசாரணை நீதிமன்றத்தின் இணையதளத்தில் வழக்குத் தேடும் பகுதிக்குச் சென்று, தம் பெயரோடு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் முதலாளியின் பெயரையும் இட்டுப் பார்க்க வேண்டும். வாதியாகப் பதிவாகியிருப்பது பெரும்பாலும் அந்தப் பெயர்களில் ஒன்றாக இருக்கும்.